பாட்டுக்கு நேரே பாட்டெழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘வட்டமான தட்டு’ நாட்டுப்புறப் பாடல் அன்று. அதை எழுதியவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. இதைச் சொல்ல ஒரு கடிதம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். அண்மையில் பாலர்களுக்கான பாட்டுப் போட்டி ஒன்றுக்குப் பேத்தியோடு போயிருந்தேன். கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் சிறப்பு விருந்தினர், நடுவர்கள், நன்கொடையாளர்கள், சிற்றுண்டி வழங்கியவர், ஒலிபெருக்கி அமைத்தவர் என்று எல்லார் பெயரும் இருந்தது. பிள்ளைகள் பாடிய பாட்டுகளுக்கு நேரே மட்டும் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றோ ‘பழைய பாடல்’ என்றோ போட்டுவிட்டார்கள். இடைவேளையில் அறிவிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். “அப்படியா டீச்சர்? எங்களுக்கு வாட்ஸ்அப்புல வந்தது, அப்படியே போட்டுட்டோம்” என்றார். நல்ல பிள்ளை. அடுத்த பாட்டுக்கு முன் மேடையேறி வள்ளியப்பாவின் பெயரைச் சொல்லவும் செய்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது அந்த ஒரு மேடையோடு போகிற வழக்கமும் இல்லை.

நான் பாலர் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை உட்கார வைத்ததும் பாட்டில்தான் தொடங்குவோம். கைதட்டிப் பாடாத நாள் கிடையாது. அப்படிப் பாடியவற்றில் பெரும்பங்கு ஒரே ஒருவர் எழுதியது என்பது நம் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு தெரியும், பாட்டின் ராகம் தெரியும், யூடியூபில் அதற்கு யானை எந்த நிறத்தில் வரும் என்பதும் தெரியும். எழுதியவரைத் தெரியாது.

வள்ளியப்பா 1922 நவம்பர் 7ஆம் தேதி புதுக்கோட்டைப் பக்கத்து இராயவரத்தில் பிறந்தவர். நகரத்தார் ஊர். நம் சிங்கப்பூரின் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலையும் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய பழைய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளையும் உருவாக்கியவர்கள் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான். வள்ளியப்பா வேறு திசையில் போனார். 1940இல் சென்னைக்கு வந்து, சக்தி வை. கோவிந்தன் நடத்திய ‘சக்தி’ பத்திரிகை அலுவலகத்தில் காசாளராக வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகையின் ஆசிரியப் பகுதியில் எழுத்தாளர் தி. ஜ. ர. (தி. ஜ. ரங்கநாதன்) இருந்தார். கணக்கு எழுத வந்த பையனைக் கதை எழுதச் சொன்னவர் அவர். வயது பதினெட்டுகூட நிரம்பாத ஒருவனிடம், அதுவும் வேறு வேலைக்கு வந்தவனிடம், ‘நீ எழுது’ என்று சொல்ல ஒருவர் இருந்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அடுத்த ஆண்டு இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. அதே 1941இல்தான் அந்த வங்கி சிங்கப்பூரிலும் கிளை திறந்தது. பணி ஓய்வு பெறும்வரை நாற்பது ஆண்டுகள் வங்கி ஊழியராகவே இருந்தார். பகலில் பேரேடும் வரவுசெலவும். மற்ற நேரத்தில் பாட்டு. 1944இல் ‘மலரும் உள்ளம்’ என்ற முதல் தொகுப்பு வந்தது. அதன்பின் நிற்கவே இல்லை. பாட்டுகளே இரண்டாயிரத்துக்கு மேல் என்பார்கள். அவற்றோடு கதை, கட்டுரை, வாழ்க்கை வரலாறு. காந்தியின் வாழ்க்கையைப் பிள்ளைகள் பாடும்படி பாட்டிலேயே எழுதினார். இந்திய நதிகளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் பிற இந்திய மொழிகளுக்கும் போனது. நடுவில் சிறுவர் இதழ்களைக் கவனித்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு ‘கோகுலம்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1989 மார்ச் 16ஆம் தேதி காலமானார்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது 1950இல் அவர் முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம். சக்தி வை. கோவிந்தன்தான் முதல் தலைவர். பிள்ளைகளுக்கு எழுதுவது பெரியவர்களுக்கு எழுதும் வழியில் ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்த காலம் அது. இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ‘குழந்தைகளுக்குத்தானே, ஏதாவது எழுதிக் கொடுங்கள்’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த ‘தானே’யை ஏற்க மறுத்தவர் வள்ளியப்பா. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும், மாநாடு வேண்டும், அவர்களுக்குள் பேச்சும் விவாதமும் வேண்டும், புதிதாக எழுத வருகிறவர்களைத் தட்டிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பாடுபட்டார். தாம் எழுதியதோடு நில்லாமல் மற்றவர்களையும் எழுத வைத்தார். தி. ஜ. ர. தமக்குச் செய்ததைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் செய்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

‘வட்டமான தட்டு’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எட்டு லட்டு. கிட்டு பாதியை எடுத்துக்கொள்கிறான். மீதியைத் தங்கை பட்டு தின்றுவிடுகிறாள். ஆளுக்கு நான்கு, கடைசியில் தட்டு காலி. கதை அவ்வளவுதான். ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒவ்வொரு வரியும் ‘ட்டு’ என்றே முடியும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ‘ட்டு’ எவ்வளவு பெரிய மருந்து என்பது வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளை ‘லட்டு’ என்று சொல்லும்போது நாக்கு மேல்பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொடச் சொன்னால் விழிக்கும். ‘வாயைத் திற, நாக்கைப் பின்னால கொண்டு போ’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அழுகைதான் வரும். இந்தப் பாட்டைப் பாடவிட்டால் முதல் மூன்று நான்கு வரிக்குள் நாக்கு தானாக மடங்கிக்கொள்ளும். லட்டு அடுத்த வரிக்கு இழுத்துக்கொண்டு போவதால் பிள்ளை நிறுத்தாது. பாட்டு முடியும்போது உச்சரிப்பும் வந்திருக்கும், எட்டில் பாதி நான்கு என்பதும் வந்திருக்கும்.

இப்படி ஒரு பாட்டு வயலிலும் வரப்பிலும் தானாக முளைத்து வராது. ஒருவர் உட்கார்ந்து, எந்தச் சொல் பிள்ளையின் வாயில் நிற்கும், எந்தச் சொல் தடுக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கோத்திருக்கிறார். கிட்டு, பட்டு என்ற பெயர்கள்கூட அந்த ஓசைக்காகத்தான். பிள்ளைகளுக்குப் புரியாத சொல் வந்துவிடாமல், சந்தி பிரித்துப் பொருள் சொல்ல வேண்டிய நிலை வராமல், ஆனால் எதுகையும் தாளமும் சிந்தாமல் எழுதுவது எளிதென்று நினைப்பவர்கள் ஒரு மாலைப்பொழுது முயன்று பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்கு எழுதத் தொடங்கியவர் வள்ளியப்பா என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு முன்னால் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இருக்கிறார். வெள்ளைப்பசுவும் கன்றுக்குட்டியும் வரும் பாட்டு கவிமணியுடையது. அதையும் ‘நாட்டுப்புறம்’ என்று போடுகிறார்கள். சில இடங்களில் பாரதியார் பெயரில் போடுகிறார்கள். யார் எழுதியது என்று தெரியாவிட்டால் பாரதி என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாரதியின் பெருமைக்கு அது தேவையில்லை, கவிமணிக்கு அது பெரிய இழப்பு.

இதைப் பேசும்போது என் தோழி ஒருவர், அவரும் தமிழாசிரியை, மறுத்துச் சொன்னார். “பாட்டு ஊர்ப் பாட்டா மாறிப்போச்சுன்னா அதுதானேடி கவிஞருக்குப் பெருமை? பேரு எதுக்கு?” என்றார். அழகான வாதம்தான். பலரும் தலையாட்டுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஊர்ப் பாட்டு என்று உண்மையிலேயே இருக்கிறது. என் அம்மா தொட்டிலாட்டிப் பாடியது, ரப்பர்த் தோட்ட லயத்தில் பாட்டிகள் பாடியது, இவற்றுக்கெல்லாம் ஆசிரியர் பெயர் கிடையாது, தேடினாலும் கிடைக்காது. அவற்றை ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று சொல்வதே முறை. வள்ளியப்பாவுக்குப் பிறந்த ஊர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, அச்சிட்ட புத்தகம் இருக்கிறது. தெரிந்த பெயரைத் தெரியாததுபோல விட்டுவிட்டு அதற்குப் பெருமை என்று பெயர் சூட்டக்கூடாது. பெரியவர்களுக்கு எழுதும் கவிஞர் எவரிடமாவது போய், ‘உங்கள் கவிதை நன்றாகப் பரவிவிட்டது, அதனால் உங்கள் பெயரை எடுத்துவிட்டோம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகள் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். நூலகத்தில் கதைநேரம் நடக்கும்போது, கதை சொல்பவர் முதலில் புத்தகத்தின் அட்டையைக் காட்டுகிறார். தலைப்பு இது, எழுதியவர் இவர், படம் வரைந்தவர் இவர் என்று சொல்லிவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திருப்புகிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கும் புத்தகத்தை ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது அதனால் தெரிகிறது. பாட்டுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாததால் ஆசிரியரும் இல்லாமல் போய்விடுகிறார். தொடக்கநிலைப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால் பெயர்கள் கொட்டும். தமிழில் கேட்டால் திருவள்ளுவர், பாரதியார், அதற்குமேல் மௌனம். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் மூன்று வயதிலிருந்து வள்ளியப்பாவைப் பாடிக்கொண்டிருப்பவர்கள்!

வகுப்பில் நான் பின்பற்றிய முறை மிகச் சாதாரணம். பாட்டைத் தொடங்கும் முன் “பாட்டின் பெயர் இது, எழுதிய தாத்தா பெயர் அழ. வள்ளியப்பா” என்று நான் சொல்வேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். சுவரில் அவர் படம் ஒன்றை ஒட்டியிருந்தேன். ‘அழ’வில் வரும் ழகரத்துக்கும் அது ஒரு பயிற்சி. ஒருநாள் அவர் வங்கியில் வேலை பார்த்தவர் என்று சொன்னபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். “டீச்சர், பேங்க்ல வேலை செஞ்சிக்கிட்டே எப்படி பாட்டு எழுதுவாரு? பாஸ் திட்ட மாட்டாரா?” வகுப்பே அதில் இறங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுவார் என்றாள் ஒருத்தி. பஸ்ஸில் எழுதுவார் என்றான் இன்னொருவன். எழுதுகிறவர் என்றால் தாடியும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டு எங்கோ பழங்காலத்தில் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், தங்கள் அப்பாவைப் போல வேலைக்குப் போய் வருகிறவர் ஒருவர் எழுதியது என்று தெரிந்ததும் அவரை எவ்வளவு உரிமையோடு பேசினார்கள்!

அந்த வாரமே அவர்களில் ஒரு பெண் தானாக ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் வீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் எட்டாம் மாடி.

லிஃப்ட்டு வந்து நிக்குது
லைட்டு ரெண்டு மின்னுது
எட்டாம் மாடி வந்தாச்சு
எங்க பாட்டி நின்னாச்சு

எழுத்தில் எழுத அவளுக்கு இன்னும் வராது. அவள் சொல்லச் சொல்ல நான் வெள்ளைத்தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என் பேரு எங்கே டீச்சர்?” என்று கேட்டாள். அடியில் எழுதினேன். பிறகுதான் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிங்கப்பூர்க் கவிஞர்களுக்கும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. கவிஞர் க.து.மு. இக்பால் 1940இல் கடையநல்லூரில் பிறந்து, 1951இல் இங்கு வந்தவர். 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். இது பலருக்குத் தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிங்கப்பூர் வானொலிக்காக அவர் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை எழுதினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவற்றை வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் இன்று ஐம்பது, அறுபது வயதை எட்டியவர்கள். சிலருக்கு இன்றும் ஒன்றிரண்டு வரி வாயில் வரும். யார் எழுதியது என்று கேட்டால் ‘ரேடியோ பாட்டு’ என்பார்கள். ரேடியோவா பாட்டு எழுதும்? வள்ளியப்பாவுக்காவது தமிழ்நாட்டில் நூற்றாண்டைக் கொண்டாட ஆட்கள் இருந்தார்கள். அவர் மகள் தேவி நாச்சியப்பன் தாமும் பிள்ளைகளுக்கு எழுதி, 2019இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். அந்தத் தொடர்ச்சி அங்கே இருக்கிறது. இங்கே எழுதியவர்களை நாம் நினைவில் வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கப்போவதில்லை.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2021இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் இருக்கலாம். சமூக மன்றத்தில் நடக்கும் சிறுபிள்ளைகள் போட்டிக்குச் சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்துவது என் எண்ணமில்லை. பெயர் போடுவது நாகரிகம் என்பதோடு, அது படைத்தவருக்குள்ள உரிமை என்றும் நம் நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது தெரிந்திருந்தால் போதும்.

தப்பான பெயரைப் போடுவதற்குப் போடாமல் இருப்பதே மேல் என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். வாட்ஸ்அப்பை நம்பினால் தப்பாகத்தான் போகும். ஆனால் சரிபார்ப்பது கடினமில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன, நூலகர்கள் பொறுமையாக எடுத்துக் கொடுக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய சிறுவர் நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நூல்களை மின்னாக்கம் செய்து 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் தொண்டூழியர்கள் தேசிய நூலக வாரியத்திடம் சேர்த்திருக்கிறார்கள். எவ்வளவோ பேர் இரவு பகலாக உழைத்துச் செய்த வேலை அது. தேடியும் கிடைக்காவிட்டால் ‘எழுதியவர் பெயர் தெரியவில்லை’ என்று போடுங்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் தெரிந்தவராக இருந்து சொல்லவும் கூடும்.

நவம்பரில்தான் பாலர் பள்ளிகள் ஆண்டிறுதி நிகழ்ச்சி நடத்தும். பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டிவிட்டு மேடையேற்றுவோம். பெற்றோர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வள்ளியப்பா பிறந்ததும் நவம்பரில்தான். இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது: பிள்ளையின் பெயருக்கும் பாட்டின் பெயருக்கும் அடுத்து இன்னொரு கட்டம் சேருங்கள். அறிவிப்பாளர் அதையும் வாசிக்கட்டும். முடிந்தால் பாடுகிற பிள்ளையே சொல்லட்டும். மேடையில் நின்று ‘அழ. வள்ளியப்பா’ என்று ழகரம் திருந்தச் சொல்லும் பிள்ளைக்கு நடுவர்கள் ஒரு மதிப்பெண் கூடக் கொடுத்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்திலும் பாட்டோ கதையோ வெளியிடும்போது எழுதியவர் பெயரோடு அவரைப் பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறேன். பிறந்த ஊர், பார்த்த வேலை, எழுதிய புத்தகம் ஒன்று, அவ்வளவு போதும். பிள்ளைகள் அந்த ‘பார்த்த வேலை’யைத்தான் முதலில் படிப்பார்கள்.

பாலர் பள்ளிகளில் வழக்கமாகப் பாடப்படும் பாட்டுகளை எடுத்து, அச்சிட்ட நூல்களோடு ஒப்பிட்டு, எது யாருடையது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டுமே அதில் சேர்த்திருக்கிறேன். இக்கடிதத்தோடு அதன் படியை இணைத்துள்ளேன். கேட்கும் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் தங்கள் அலுவலகம் அதை அனுப்பி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலர் பள்ளித் தமிழாசிரியை,
அங் மோ கியோ